கிராஃபிஸைப் பிரிக்க எந்த வழி? மட்டக்களப்பு மரப்பட்டைகளை வைத்து ஒரு யோசனை

கல்லடியில் ஒரு வீட்டு முற்றத்து மாமரத்தின் முன்னால் கைவில்லையோடு நின்றுகொண்டிருந்தேன். தண்டு முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டுகள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு திட்டிலும் யாரோ கறுப்பு மையால் கிறுக்கியது போலச் சின்னச் சின்னக் கோடுகள். சில நேராக, சில வளைந்து, சில கோழிக்கால் போல மூன்றாகப் பிரிந்து. உள்ளேயிருந்து வந்த அம்மம்மா, "மரத்துக்குத் தேமல் பிடிச்சிருக்கு மனே, சுண்ணாம்பு அடிச்சாப் போயிரும்" என்றார். தேமல் என்பது பார்வைக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் இது கிராஃபிஸ் என்ற இலைக்கன் (லைக்கன்). மரத்தைத் தின்பதில்லை, பட்டையில் இடம் பிடித்து வாழ்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்லி, அடுத்த மாரி வரை அடிக்காமல் விடச் சொன்னேன். ரோட்டுப் பக்கம் மட்டும் அடிப்பதாக ஒப்புக்கொண்டார். மற்றப் பக்கத்திலிருந்து எடுத்த துண்டுகள்தான் இப்போது என் மேசையில் இருக்கின்றன.

இந்த வருடம் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் இறுதி வருட ஆய்வுக்கு ஆறு மாதம் கையில் வைத்திருக்கும் மாணவி. மற்றவர் அக்கரைப்பற்றில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர், பிள்ளைகளோடு சேர்ந்து ஊர் மரங்களைப் பதிவு செய்ய விரும்புகிறவர். "கிராஃபிஸை எடுக்கலாம் என்று நினைக்கிறேன் சேர். ஆனால் எந்த முறையில் பிரிப்பது?" படம் எடுத்து வைத்துப் பிரிக்கலாம். வித்தியை (ஸ்போர்) மட்டும் பார்க்கும் பழைய முறையில் பிரிக்கலாம். அந்தக் கறுப்புக் கோட்டைக் குறுக்கே வெட்டி, அமைப்பையும் வேதியியலையும் பார்த்துப் பிரிக்கலாம். டிஎன்ஏ பார்க்கலாம். நான்கும் செய்யக்கூடியவைதான். எதில் உழைப்பைப் போடுவது என்பதுதான் கேள்வி. நான் மூன்றாவது வழிக்காரன். ஏன் என்பதையும், அது எந்த இடத்தில் கைவிடும் என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முதல் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். நம் பாடப்புத்தகத்தில் இலைக்கன், தமிழ்நாட்டில் லைக்கன். அங்கே சமையலில் போடும் கல்பாசியும் இதே கூட்டம்தான், அது இலை போல விரியும் வகை. இலைக்கன் என்பது ஒரு பங்கசும் (பூஞ்சை) ஒரு அல்காவும் (பாசி) சேர்ந்து நடத்தும் குடித்தனம். பெயர் மட்டும் பங்கசுக்கே போகும் என்பது பெயரிடல் விதி. நாங்கள் வகுப்பில் "சாதி, இனம்" என்று படித்ததைத் தமிழ்நாட்டார் "பேரினம், இனம்" என்பார்கள். குழப்பம் வராமல் இருக்க இங்கே பேரினம் என்றே எழுதுகிறேன்.

நமக்கு வேண்டியது பொருக்கு வகை. புண் ஆறும்போது பொருக்கு எப்படித் தோலோடு ஒட்டி நிற்குமோ அப்படித்தான் இதுவும் பட்டையோடு ஒட்டி நிற்கும். கீழ்த்தோல் கிடையாது. நகத்தால் உரித்தெடுக்க முடியாது, பட்டையோடு சேர்த்துத்தான் செதுக்க வேண்டும். கிராஃபிஸ் திட்டை மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சையோடு கொஞ்சம் செம்மஞ்சள் தெரியும். அங்கே வாழும் அல்கா ட்ரென்டபோலியா. பச்சை அல்காதான், ஆனால் கரட்டின் நிறப்பொருள் நிறைய வைத்திருப்பதால் செம்மஞ்சளாகிவிடும்.

கிராஃபிஸ் என்ற பேரினப் பெயரை அடான்சன் 1763இல் வைத்தார். கிரேக்கத்தில் எழுதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1753இல், லின்னேயசு இந்தக் கூட்டத்தின் முன்மாதிரி இனத்துக்கு "எழுதப்பட்டது" என்று பொருள்படும் "ஸ்கிரிப்டா" பெயரைக் கொடுத்துவிட்டார். ஆக, பார்த்தவர் எல்லாருக்கும் எழுத்துதான் நினைவுக்கு வந்திருக்கிறது. கோட்டுக்கு லைரெல்லா என்று பெயர். லத்தீனில் லைரா என்றால் உழவுச் சாலுக்குப் பக்கத்தில் எழும் வரம்பு. வயல் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது: இரண்டு பக்கமும் கறுத்த வரம்பு, நடுவே ஒடுங்கிய வாய்க்கால், வாய்க்காலின் அடியில் வித்திகள் விளையும் படை. இனி அதைக் கீறல் என்றும், இரண்டு வரம்புகளையும் உதடுகள் என்றும் சொல்கிறேன்.

முதலாவது வழி, படம். இதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. போனில் கிட்ட எடுத்த படம் கீறலின் வடிவத்தைக் காட்டும்: நீளமா குட்டையா, கிளைத்ததா இல்லையா, உதட்டில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா, திட்டுக்கு மேலே எழுந்து நிற்கிறதா அல்லது உள்ளே புதைந்திருக்கிறதா. இவை வேண்டிய குறிப்புகள்தான். ஆனால் கிராஃபிஸில் இனத்தைத் தீர்மானிக்கும் பண்புகளில் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கின்றன. அந்தக் கல்லடி மாமரத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திட்டு. படத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. வெட்டி மருந்து (நிறமாற்றம் பார்க்க விடும் வேதிக்கரைசல்) விட்டால் ஒன்று சிவந்தது, மற்றது அசையவே இல்லை. படத்தை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகளும் இந்த இடத்தில்தான் தடுமாறும், அவற்றுக்கும் வெளித்தோற்றம் மட்டும்தானே கிடைக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்யும் அக்கரைப்பற்று ஆசிரியருக்குப் படம் மிகவும் பயன்படும், ஆனால் வேறு ஒரு வேலைக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, பழைய வித்தி முறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் பலர் கையில் கிடைக்கும் பழைய நூல்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன, எளிமையாகவும் இருக்கிறது. நானும் அதில்தான் தொடங்கினேன்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த முல்லர் ஆர்கோவியென்சிஸ் 1880களில் இந்த எழுத்து இலைக்கன்களை வித்தியை மட்டும் வைத்து நான்கு பெட்டிகளாகப் பிரித்தார். இரண்டே கேள்விகள். வித்தி நிறமற்றதா, பழுப்பா? உள்ளே குறுக்குச் சுவர்கள் மட்டுமா, அல்லது குறுக்கும் நெடுக்குமாகச் செங்கல் அடுக்கினது போலச் சுவர்களா? நிறமற்று, குறுக்குச் சுவர் மட்டும் என்றால் கிராஃபிஸ். நிறமற்று, செங்கல் அடுக்கு என்றால் கிராஃபினா. பழுப்பு, குறுக்குச் சுவர் என்றால் ஃபியோகிராஃபிஸ். பழுப்பு, செங்கல் அடுக்கு என்றால் ஃபியோகிராஃபினா. நுணுக்குக்காட்டியும் ஒரு துளி நீரும் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு மாதிரியைப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க இப்படித்தான் செய்தார்கள்.

இதில் இரண்டு பிழை இருக்கிறது. முதலாவது முறையின் பிழை. பெட்டினா ஸ்டைகர் 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வித்தியோடு கீறலின் சுவர், வித்திப் படை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து இந்தக் குடும்பத்தை மறுபடி அடுக்கினார். செங்கல் அடுக்கு வித்தி ஒரே ஒரு முறை தோன்றி வழிவழியாக வந்த பண்பாக இல்லை, வேறு வேறு கிளைகளில் தனித்தனியாக உண்டாகியிருக்கிறது. அதனால் பழைய பெட்டிகள் உடன்பிறந்தவர்களைப் பிரித்தன, அந்நியர்களை ஒரே வீட்டில் வைத்தன. இன்றைய கிராஃபிஸுக்குள் குறுக்குச் சுவர் வித்தியும் இருக்கிறது, முன்பு கிராஃபினாவில் கிடந்த செங்கல் அடுக்கு வித்தியும் இருக்கிறது. பின்னால் வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் பழைய நான்கு பெட்டிகள் இயற்கையானவை அல்ல என்பதைக் காட்டின.

இரண்டாவது பிழை என்னுடையது. முதல் வருடம் நாற்பத்தொரு பொட்டலங்களை இந்த முறையில் பிரித்தேன். அதில் ஒன்பதை ஃபியோகிராஃபிஸ் என்று எழுதி வைத்தேன், வித்தி பழுப்பாகத் தெரிந்ததால். இரண்டு வருடம் கழித்து மறுபடி வெட்டிப் பார்த்தேன். அந்த ஒன்பதில் ஏழில், வித்திகள் உருவாகும் பையை விட்டு வெளியே வந்து கிழண்டிப்போன வித்திகளைத்தான் அளந்திருக்கிறேன். கிராஃபிஸின் நிறமற்ற வித்தி முதிர்ந்து அழியும்போது பழுப்பேறும். பைக்குள்ளே இருக்கும் வித்திகளைப் பார்த்தால் கண்ணாடி போல இருந்தன. இப்போது என் விதி இதுதான்: வித்தியின் நிறத்தைப் பைக்குள் இருக்கும்போது மட்டும் எழுது. வெளியே மிதப்பதை அளந்துகொள்ளலாம், நிறத்துக்குச் சாட்சியாக எடுக்காதே.

சரி, மூன்றாவது வழிக்கு வருவோம். கீறலைக் குறுக்கே மெல்லிசாக வெட்டி, அதன் சுவரையும் படையையும் வித்தியையும் பார்த்து, இரண்டு மருந்து விட்டு முடிவெடுப்பது. 2009இல் உலக கிராஃபிஸ் இனங்கள் எல்லாவற்றுக்குமாக லுக்கிங்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட அடையாளத் திறவுகோல் இந்தப் பண்புகளின் மேல்தான் நிற்கிறது. 300க்கு மேற்பட்ட இனங்கள். அவ்வளவையும் பிரிக்க அவர்கள் கேட்கும் கேள்விகளை நம் ஊர் ஆய்வுகூட மேசையிலேயே பதில் சொல்லிவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு முறை பக்கத்திலிருந்து பாருங்கள். பட்டைத் துண்டை மேசையில் வைத்து, தேர்ந்தெடுத்த கீறலின் மேல் தூரிகையால் ஒரு துளி நீர் வைக்கிறேன். காய்ந்த கீறல் பிளேட் பட்டதும் கரித்துண்டு போல நொறுங்கும், ஊறினால் ரப்பர் போல இணங்கும். ஒரு நிமிடம் காத்திருந்து, இடது கைச் சுட்டுவிரல் நகத்தை வரம்பாக வைத்து, புதிய சவர பிளேட்டால் கீறலுக்குக் குறுக்கே வெட்டுகிறேன். நகத்தை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகர்த்தி அடுத்தடுத்த வெட்டு. இருபது வெட்டினால் ஒன்று இரண்டு ஒளி புகும் அளவு மெல்லிசாக வரும். அந்த ஒன்றை ஊசி முனையால் தூக்கிக் கண்ணாடித் தகட்டில் நீர்த்துளிக்குள் இறக்கி, மூடித்தகட்டைச் சாய்த்துப் போடுகிறேன். பிளேட்டை ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்ற வேண்டும். மரப்பட்டை முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும், மழுங்கிய பிளேட்டால் வெட்டினால் உதடு பிய்ந்து, சுவர் எங்கே கறுத்திருக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

இப்போது பார்ப்பது கீறலின் குறுக்குவெட்டு. இரண்டு பக்கமும் இரண்டு உதடு, நடுவே படை. முதல் கேள்வி: சுவர் கரி போலக் கறுத்திருப்பது எங்கே? அடி உட்பட முழுக்கவா, பக்கங்களில் மட்டுமா, நுனியில் மட்டுமா? அடுத்தது, உதடு ஒரே கட்டியா, அல்லது வருடா வருடம் புதுச் சுவர் வைத்தது போல நீள வரிகள் ஓடுகின்றனவா? மேலிருந்து கைவில்லையால் பார்த்தாலும் அந்த வரிகள் சில வேளை தெரியும். மூன்றாவது, வித்திப் படை தெளிவாக இருக்கிறதா, எண்ணெய்த் துளிகள் கலந்து மங்கலாக இருக்கிறதா? இந்தத் துளிகளைப் பலர் காற்றுக் குமிழி என்று விட்டுவிடுகிறார்கள். குமிழிக்குத் தடித்த கறுப்பு வளையம் இருக்கும், ஓரிரண்டு பெரிதாக நிற்கும். எண்ணெய்த் துளிகள் படை முழுக்க மணல் தூவியது போல நுணுக்கமாகக் கிடக்கும். நான்காவது வித்தி: பைக்குள் எத்தனை, எத்தனை அறை, நீளம் அகலம் எவ்வளவு. பத்து வித்தியாவது அளக்க வேண்டும். கண்வில்லை அளவுகோலை முதலில் அளவுத்தகட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எழுதும் எந்த மைக்ரோமீட்டர் எண்ணும் பயன்படாது.

பிறகு மருந்துகள். பத்து வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் வில்லைகளிலிருந்தே கலக்கலாம். பழைய கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிப் பலவீனமாகிவிடும், அதனால் கொஞ்சமாகக் கலந்து அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் செய்தால் கண்ணாடி கட்டாயம். மூடித்தகட்டின் ஒரு ஓரத்தில் ஒரு துளி வைத்து, எதிர் ஓரத்தில் வடிதாளைத் தொட வைத்தால் கரைசல் தானாக உள்ளே இழுபடும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டின் வெட்டுப் பகுதியிலிருந்து மஞ்சள் கரைந்து ஓடத் தொடங்கும். அது மஞ்சளாகவே கரைந்து போனால் ஸ்டிக்டிக் அமிலமாக இருக்கலாம். சில நிமிடத்தில் அந்த மஞ்சளுக்குள் சிவப்பு ஊசிகள், கொத்துக் கொத்தாக, முளைத்துக்கொண்டே போனால் நோர்ஸ்டிக்டிக் அமிலம். அந்த ஊசிகள் நீளும் வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. மாணவி முதல் தடவை பார்த்தபோது நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே இல்லை.

அயடீன் மற்ற மருந்து. மாப்பொருள் சோதனைக்கு வைத்திருக்கும் அதே அயடீன் கரைசல்தான். இதை வேறு ஒரு புதிய வெட்டில் விட வேண்டும், ஐதரொட்சைட்டு விட்டதன் மேலேயே விடக்கூடாது. கிராஃபிஸின் வித்திகள் நீல ஊதாவாக மாறும். பேரினத்தைச் சரிபார்க்க இது ஒரு நல்ல தாழ்ப்பாள்.

நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. இருட்டில் அடித்தால் லிக்சாந்தோன் என்ற பொருள் உள்ள திட்டு மஞ்சளாக ஒளிரும். கிராஃபிஸில் இது அரிது, பக்கத்தில் வளரும் பைரெனுலா போன்ற புள்ளி இலைக்கன்களில் அடிக்கடி வரும். அதனால் பொட்டலங்களை முதல் நாளே இரண்டு குவியலாக்க உதவும்.

இந்த வழியின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் எல்லாம் நோர்ஸ்டிக்டிக் ஆகாது. சலசினிக் அமிலமும் சிவக்கும். சந்தேகம் வந்தால் டிஎல்சி செய்ய வேண்டும், அதாவது சாற்றைச் சிலிக்காத் தகட்டில் புள்ளி வைத்துக் கரைப்பானில் ஏற விட்டுப் பிரிப்பது. அதற்குத் தகடும் கரைப்பான்களும் புகைவெளியேற்றியும் வேண்டும், பல்கலைக்கழக ஆய்வுகூடம்தான் இடம். அடுத்தது, அமைப்பில் ஒன்றாக இருப்பவை எல்லாம் ஒரே இனம் என்று உறுதி கிடையாது. ஐரோப்பாவின் ஸ்கிரிப்டா என்ற ஒற்றைப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதை டிஎன்ஏ ஆய்வுகள் எடுத்துக் காட்டின. ஸ்கிரிப்டா குளிர்நாட்டு இனம். வெப்பநாட்டுப் பழைய பட்டியல்களில் அந்தப் பெயரைக் கண்டால் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். நம் ஊர் மாதிரிக்கு அந்தப் பெயரை எழுத வேண்டாம் என்று மாணவியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2018இல் லுக்கிங்கும் கால்பும் கிராஃபிஸிலிருந்து அல்லோகிராஃபா என்ற பேரினத்தைத் தனியாக்கினார்கள். தடித்த, பருத்த கீறல் உள்ள பல இனங்கள் அங்கே போய்விட்டன. 2009 திறவுகோலில் அவை இன்னும் கிராஃபிஸ் பெயரில்தான் இருக்கும். ஆகவே திறவுகோலில் பெயரைப் பிடித்ததும், அது இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று பங்கசுப் பெயர்ப் பட்டியலில் ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும். திறவுகோல் பழசாகிவிட்டது என்று தள்ளிவைக்கத் தேவையில்லை. பண்புகள் அதேதான், மேல்பெயர்தான் மாறியிருக்கிறது.

டிஎன்ஏ வழியை எடுத்தவுடன் செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்கள் பலர். அதன் பலத்தை மறுக்கவில்லை. யார் யாருக்கு உறவு என்பதை நேரடியாகக் காட்டும் ஒரே வழி அதுதான். அல்லோகிராஃபாவைப் பிரித்ததற்கும் அதுவே ஆதாரம். ஆனால் இங்கே, ஒரு மாணவியின் ஆறு மாதத்துக்குள், அதையே முதுகெலும்பாக வைத்தால் என்ன நடக்கும்? பொருக்கு வகையில் பங்கசைப் பட்டையிலிருந்து தனியாக எடுப்பது கஷ்டம். பட்டைக்குள் வாழும் வேறு பங்கசுகளும் கூடவே வரும், சில வேளை அவற்றின் தொடரே வாசிக்கப்பட்டுவிடும். பொட்டலத்தில் நாள்பட்ட மாதிரியில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். எல்லாம் சரியாகி ஒரு தொடர் கிடைத்தாலும், ஒப்பிட உலகத் தரவுத்தளத்தில் அந்த இனம் இருக்க வேண்டுமே. வெப்பநாட்டு கிராஃபிஸ்களில் பெயர் வைக்கப்பட்டவற்றிலேயே பலவற்றுக்குத் தொடர் இல்லை. அப்போது "கிராஃபிஸ், ஏதோ ஓர் இனம்" என்ற பதில்தான் வரும். அது கைவில்லைக்கே தெரிந்த விஷயம். வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதென்றால் அனுமதிப் பத்திரங்கள் வேறு.

ஆக என் யோசனை: டிஎன்ஏவைச் செய்யாவிட்டாலும் அதற்கு வழியை மூடாதீர்கள். ஒவ்வொரு மாதிரியிலும் சுத்தமான ஒரு ஓரத்தை, மருந்து படாமல், எடுத்த வாரத்திலேயே சிலிக்கா ஜெல்லோடு சின்ன உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நாளைக்கு யாராவது அந்த வேலையைச் செய்யும்போது, வெட்டு, வித்தி அளவு, ஊசிப் படிகம் எல்லாம் எழுதிய குறிப்போடு அந்தத் துண்டு இருக்கும். பண்பு எழுதாத தொடரும், தொடர் எடுக்க முடியாத பண்பும் இரண்டுமே அரைக்கிணறு.

மட்டக்களப்பு, அம்பாறை என்பதால் இந்தத் தெரிவுக்குக் கூடுதல் கனம் இருக்கிறது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த த்வெயிட்ஸ் சேர்த்துக் கொடுத்த இலங்கை இலைக்கன்களை லெய்ட்டன் 1870ஐ ஒட்டி லண்டனில் வெளியிட்ட காலம் தொடங்கி, அதிகம் தேடப்பட்டது ஈரமான மலைநாடுதான். நம் காலத்தில் கோதமி வீரகோன் இந்தத் துறையைத் திரும்ப உயிர்ப்பித்தார். 2012இல் அவரும் கூட்டாளிகளும் இலங்கையிலிருந்து கிராஃபிஸின் குடும்பமான கிராஃபிடேசியேயில் மட்டும் ஆறு புதிய இனங்களை விவரித்தார்கள். ஆறு இனம் இப்படி வெளிவரும் நாட்டில், உலர்வலயக் கரையோரத்து மாமரத்தையும் கமுகையும் கண்ணாக் காட்டையும் (அலையாத்திக் காடு) உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? வாடைக்காற்று மழையில் மூன்று மாதம் நனைந்து, கச்சான் காற்றில் பல மாதம் வெந்து பிழைத்திருக்கும் திட்டுகள் இவை. மலைநாட்டுப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

மரத் தெரிவு பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்தவரை வழுவழுப்பான பட்டை உள்ள மரத்தில்தான் கிராஃபிஸ் நன்றாகப் படர்கிறது: மா, கமுகு, இளம் நாவல். வேம்பின் வெடித்த பட்டையில் குறைவு. ஊருக்குள் மிக வயதான மரங்கள் எளிதில் கிடைக்காது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி முறித்துப் போட்டவற்றின் இடத்தில் பிறகு வைத்த மரங்கள்தான் பல வளவுகளில் நிற்கின்றன. அதனால் பழைய கோயில் வீதிகளிலும் ஆற்றோர மருத மரங்களிலும் கிடைப்பவை மதிப்பானவை. கோயில் மரத்தில் உளி வைக்குமுன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் கேட்க வேண்டும். காட்டுக்குள் என்றால் வன பரிபாலனத் திணைக்களத்தின் அனுமதி, கல்லோயா போன்ற தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஆய்வின் முடிவை வெளியிட முடியாமல் போகும். ஆறு மாதம் மட்டும் உள்ளவருக்கு நான் சொல்வது வீட்டு வளவுகளும் பல்கலைக்கழக வளாகமும் போதும் என்பதே.

செதுக்கும்போது உயிருள்ள உட்பட்டையைத் தொடாமல் மேல்பட்டையை மட்டும் தட்டையாக எடுக்க வேண்டும். இரண்டு விரல் அகலம் போதும், திட்டு முழுவதையும் எடுக்க வேண்டாம். கடதாசியில் மடித்துப் போடுங்கள். ஒரு மார்கழியில் நான் பொலித்தீன் பையில் போட்டு வைத்து, ஒரு கிழமையில் திறந்தபோது எல்லாவற்றிலும் பூஞ்சணம் பஞ்சு போல எழும்பியிருந்தது. வாகரைப் பக்கம் இரண்டு நாள் அலைந்து எடுத்தவை அவை. கடதாசிப் பொட்டலத்தின் மேல் திகதி, இடம், மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெயில் பக்கமா நிழல் பக்கமா என்பது இருக்க வேண்டும். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் ஒரு இலையையும் உள்ளே வையுங்கள்.

இனி யாருக்கு எது. மாணவிக்கு வெட்டு வழி. நாற்பது பொட்டலம், ஒரு வகை மரம், ஒரு ஊர். அவரிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு: பெயர் வராத மாதிரிக்குப் பெயர் தேடி மாரடிக்காமல், "கிராஃபிஸ் இனம் 1, இனம் 2" என்று எண் போட்டு, பண்புகளை முழுசாக எழுதுங்கள். உதடு, சுவரின் கறுப்பு, படை, வித்தி, மருந்துகள், ஊதா விளக்கு. ஒன்றும் நடக்காவிட்டால் "நடக்கவில்லை" என்றே எழுத வேண்டும், வெற்றாக விடக்கூடாது. வெற்றிடம் பார்க்கவில்லை என்றும் வாசிக்கப்படும். ஒரு திட்டில் கிடைத்த எல்லாக் கீறலும் கிழண்டியவையாக இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு திட்டுக்குப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கரைப்பற்று ஆசிரியருக்குப் படமும் கைவில்லையும். பெயர் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல், ஒரே மரத்தின் ஒரே சதுரத்தை மாதம் ஒரு தடவை, அளவுகோல் வைத்து, அதே நேரத்தில் படமெடுக்கச் சொல்லலாம். மாரிக்கு முன்னும் பின்னும் திட்டின் நிறம் எப்படி மாறுகிறது, ஒரு திட்டு மற்றத் திட்டைத் தொடும் இடத்தில் கறுப்பு எல்லைக்கோடு எப்படி உண்டாகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். பெயர் பின்னால் வரட்டும். வருடக் கடைசியில் ஒரே ஒரு துண்டைச் செதுக்கி, வெட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் அந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு ஆதாரம் கிடைத்துவிடும்.

மூன்றாவதாக ஒருவரும் வரலாம்: "என் மாதிரி திறவுகோலில் எங்கும் பொருந்தவில்லை, புதிய இனம்தான்" என்று உறுதியாக நம்புகிறவர். அவருக்கு வெட்டு வழி தொடக்கம் மட்டும்தான். டிஎல்சி கட்டாயம், முடிந்தால் டிஎன்ஏ, ஒரே இடத்திலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி, பக்கத்து இனங்களின் முன்மாதிரிகளோடு (பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள்) ஒப்பீடு. பெயரிடல் விதிப்படி முன்மாதிரித் துண்டு ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்ந்த மாதிரிகளின் காப்பகம்) வைக்கப்பட வேண்டும். நமக்குப் பேராதனையில் தேசிய ஹெர்பேரியம் இருக்கிறது. 2012 தொடக்கம் விளக்கத்தை லத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் எழுதலாம், அதற்கு முன் லத்தீன் மட்டும். தமிழில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அது மட்டும் செல்லுபடியாகாது. 2013 தொடக்கம் பங்கசுப் பெயர்ப் பதிவகம் ஒன்றிலிருந்து பதிவு எண்ணும் வாங்க வேண்டும். படத்தை மட்டும் வைத்து இதில் எதையும் செய்ய முடியாது.

மாணவி வெட்டு வழியை எடுத்துக்கொண்டார். போன சனிக்கிழமை அவருடைய பதினேழாவது பொட்டலம்: வந்தாறுமூலையில் ஒரு கமுகு, நெஞ்சளவு உயரம், கிழக்குப் பக்கம். கீறல் கிளைத்தது, உதட்டில் வரியில்லை, சுவர் பக்கங்களில் மட்டும் கறுப்பு, படை தெளிவு, மஞ்சள் ஓடி ஏழாவது நிமிடத்தில் ஊசி. வித்தி பைக்குள் எட்டு, பத்து வித்தி அளந்தாயிற்று. மேலே "கிராஃபிஸ் இனம் 3" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். ஓரத்திலிருந்து நகக்கண் அளவு துண்டு ஃப்ரீசரில் இருக்கிறது.